அப்பாவுக்கு வைத்த மருந்து

குருண் சாலையில் டுரியான் பழ லாரி கவிழ்ந்து எங்கள் தோட்டமே மூன்று நாள் சோற்றை மறந்து டுரியான் தின்றதே, அதற்கு அடுத்த வாரம்தான் அப்பாவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. எனக்கு ஏழு வயது. டுரியான் சூடுதான் என்றாள் அம்மா. அவளும்தான் தின்றாள், அது இருக்கட்டும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா வாசலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்குக் கீழே, மரத்தில் பால் பிடிக்கிற மங்கு. ரத்தம் அதில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் சைக்கிளில் வந்தார். மூக்கை வெகுநேரம் அழுத்திப் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பையிலிருந்து சின்னப் புட்டி ஒன்றை எடுத்து, மருந்தைப் பஞ்சில் நனைத்து வைக்கலாம் என்றார்.

இரண்டு வருஷமாக மரங்களுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார்கள். பட்டையில் பூசினால் மத்தியானம் வரை பால் நிற்காது. பூசிப் பூசியே சில மரங்கள் வற்றிப்போனதை அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். மருந்து என்றால் எனக்கு அதுதான்.

புட்டியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய் வரை ஓடினேன்.

"வைக்காதீங்க ஐயா. அப்பா வத்திப் போயிருவாரு."

லயத்து வீடுகள் எல்லாமே சிரித்தன. அம்மா விறகுக் கட்டையைத் தேடினாள். அப்பாதான் மங்கைப் பிடித்தபடி எழுந்து வந்தார். வழியெல்லாம் மண்ணில் சொட்டு.

"குடுடா. இது நிப்பாட்டுற மருந்து."

கொடுத்தேன். பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. டிரசர் என் காதைத் திருக வந்தார்.

"வுடுங்க ஐயா," என்றார் அப்பா, மூக்கடைத்த குரலில். "அவன் சொன்னது மரத்துக்குச் சரிதானே."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மரம் வற்றினால் அவர்களுக்கும் வேலை இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் பேத்தி ஜித்ரா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மருந்து அட்ரினலினாக இருக்கும் என்கிறாள். ரத்தக் குழாயைச் சுருக்குமாம். பல் பிடுங்குமுன் மரத்துப்போகப் போடும் ஊசியில் கலப்பார்களாம். குளவி கொட்டி மூச்சடைத்தவனுக்கும் அதுதானாம். எல்லாம் தெரிந்தவள்.

நீங்கள் ஜித்ரா பக்கம் போனால் அவளிடம் ஒன்று சொல்லுங்கள். நான் சொன்னால் தாத்தா கதை என்பாள். மருந்து போடுமுன், அது ஓட விடுகிறதா நிறுத்துகிறதா என்று வாசலில் நிற்கிற பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.