பச்சைக் கட்டம், வெள்ளைக் கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை செந்தூலுக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவர் — என்னைப் போல ரயில்வே குமாஸ்தா — மனைவிக்குப் பழைய தையல் மெஷின் வாங்கியிருக்கிறார். பின்னறைதான் இனி தையலறை. மெஷின் பளபளவென்று இருக்கிறது. தரைதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"பத்திரிகையில என்னென்னவோ எழுதுறீங்க… கம்மிச் செலவுல இந்தத் தரைய அழகாக்க ஒரு வழி சொல்லுங்கலா!" என்றார்.

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பாய் விரிக்கலாமா? குளிர்ச்சிதான். ஆனால் மெஷினின் இரும்புக் கால் ஒரே மாதத்தில் அதைக் கிழித்துவிடும். பூப்போட்ட லினோலியம்? கிள்ளான் கடைகளில் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் குண்டூசி விழுந்தால் எந்தப் பூவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது… காலுக்குத்தான் தெரியும்! பலகைத் தரைக்குப் பெயின்ட்தான் சரி. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு இரண்டு நிறத்தில் கட்டம் போடுங்கள். ஜன்னலோரம் தொடங்கி, வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வாருங்கள். இல்லையென்றால் காயும்வரை மூலையில் நிற்க வேண்டியதுதான்.

"நின்னிருக்கீங்களோ?" என்று சிரித்தார் நண்பரின் மனைவி.

நின்றிருக்கிறேன்.

ஆறேழு வருடம் ஆகியிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் பலகை வீடு. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் செய்து வேலையில் சேர்ந்த புதிது. அக்கா எங்கள் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். துணியைத் தரையில் விரித்துத்தான் வெட்டுவாள். பலகையோ கறை பிடித்துக் கிடந்தது.

சீனர் கடையில் டின்னின் அடியில் மிஞ்சிய பெயின்ட் மலிவாகக் கிடைத்தது. பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று. சுண்ணாம்பு தடவிய நூலால் கோடு அடித்தேன். பள்ளிக்கூடத்து அடிக்கோலை வைத்து, ஒரு கட்டம் ஓர் அடி. வாசலில் தொடங்கி மூலையில் மாட்டிக்கொண்டு நின்றேனே, அந்தப் பெயின்ட் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. காய்ந்ததும் அக்கா வெறுங்காலோடு ஒவ்வொரு கட்டமாக மிதித்துப் பார்த்தாள்.

"கவர்னர் வீடு மாதிரி இருக்குடா தம்பி!"

ஆனால் அந்தத் தரையை அவள் அழகுக்காக வைத்துக்கொள்ளவில்லை. அதை அளவுகோல் ஆக்கிவிட்டாள்! டேப்பில் இருக்கும் எண்கள் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதுவரை சாண்தான் கணக்கு. இப்போது, "ரெண்டு கட்டம், மூணு கட்டம்" என்று எண்ணி வெட்டினாள். ஒன்றும் பிசகவில்லை. அவள் வெட்டியதெல்லாம் வாசல் பக்கம், அதனால்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்து டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூட விழாவில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் கும்மியடிக்க எட்டுப் பாவாடை வேண்டும். எல்லாம் ஒரே நீளம்.

"இது வடிவா வந்தால், பள்ளிக்கூடத் தையல் எல்லாம் இனி உமக்குத்தான் பிள்ளை" என்றார்.

அக்கா அன்று சரியாகச் சாப்பிடவேயில்லை. பள்ளிக்கூடத் தையல் கிடைத்தால் அவள் தெருத் தையல்காரி இல்லை!

நாலு பாவாடை வெட்டி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் சாரல். மீதி நாலையும் ஜன்னல் பக்கம் விரித்து, மூன்று மூன்று கட்டமாக எண்ணி வெட்டினாள்.

சனிக்கிழமை டீச்சரம்மா வீட்டுக்கு வந்து பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன பிள்ளை இது? நாலு நெட்டை, நாலு கட்டை! மூண்டு இஞ்சி குறையுது. எண்ணத் தெரியாமல் வெட்டிப்போட்டீரோ?"

"எண்ணித்தான் டீச்சர் வெட்டினேன். சத்தியமா…"

"எண்ணினால் எப்பிடிக் குறையும்? படிக்காத பிள்ளையிட்டை குடுத்தது என்ட பிழை."

அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே தவறினோம் என்று மறுபடி எண்ணுகிறாள் போல…

எனக்குத் தெரியும், எங்கே தவறியது என்று. அந்த அறை பத்தடிக்கு நாலு அங்குலம் குறைவு. கடைசி வரிசை மட்டும் சப்பையாக நின்றால் அசிங்கமாக இருக்குமே என்று, ஜன்னல் பக்கத்து நாலு வரிசையிலும் கட்டத்துக்கு ஓர் அங்குலம் திருடியிருந்தேன். கண்ணுக்குத் தெரியாது என்ற பெருமை வேறு. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம். அக்கா எண்ணத் தெரியாதவள் என்றால் ஊர் நம்பும். நான் அளக்கத் தெரியாதவன் என்றால்…?

"தப்பு என்னுது டீச்சர்" என்றேன். அடிக்கோலை எடுத்து ஜன்னல் பக்கத்துக் கட்டத்தின்மேல் வைத்துக் காட்டினேன்.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீர் சீனியர் பாஸ் பண்ணினனீர்தானே?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நெட்டையில மூணு இஞ்சி வெட்டிட்டு, எட்டுக்கும் அடியில சிவப்புக் கரை வச்சிரவா டீச்சர்?" என்றாள். டீச்சரம்மா சரியென்று தலையாட்டினார். கும்மியன்று எட்டுச் சிவப்புக் கரையும் ஒன்றாகச் சுழன்றன. பள்ளிக்கூடத் தையல் அக்காவுக்கே வந்தது.

தரையை மாற்றிப் போடுகிறேன் என்றேன். விடவில்லை.

"தரை கெடக்கட்டும். நீ எனக்கு டேப்பு படிக்கச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். அங்குலம், அரை, கால், அரைக்கால்… நாலே நாளில் அத்துப்படி. பள்ளிக்கூடத்தில் எனக்கு அதற்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடியும் என்று ஆனபோது, அப்பா எங்கள் இருவரையும் எதைக் கொண்டு அளந்தாரோ… இன்றுவரை அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை!