நாங்கள் மரியாதையாக வழியனுப்பி வைத்த பெருச்சாளி

போன இரண்டு வாரமும் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சிலர் கார்டு போட்டிருந்தீர்கள். "வெளியூர்ப் பயணமா?" என்று ஒருவர். "எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா?" என்று இன்னொருவர் — அவருக்குத் தனியாகப் பதில் போடுகிறேன்!

பயணம்தான். ஆவடியிலிருந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. பதினொரு நாள், ஒரு மர ஸ்டூலின் மேல் குடித்தனம். கட்டிலில் படுத்திருந்தவர் என் வீட்டுக்காரர். முந்தாநாள் காலையில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இதோ, பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு ரசம் சப்பென்று இருக்கிறது என்கிறார். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் என் சமையலை அவர் குறை சொல்லி நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

என்ன ஆயிற்று என்கிறீர்களா? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பினால், கரையில் வளை தோண்டி வசிக்கும் பெருச்சாளிகள் மேட்டைத் தேடிக் கிளம்பிவிடும். மேடு என்றால்... எங்கள் வீடுகள்தான். இந்த மழைக்கு ஒன்று எங்கள் குளியலறைக்கு அடியில் குடியேறியது. பூனை சைஸ் இருக்கும். மண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே தள்ளி, ஒரே வாரத்தில் சிமெண்டுத் தரையில் விரிசல் விழ வைத்துவிட்டது.

இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஃபோர்மேன். கம்பியை வளைத்துத் தானே ஒரு கூண்டு செய்தார். உள்ளே ஒரு துண்டுக் கருவாடு. மூன்றாம் நாள் காலையில் ஆசாமி உள்ளே!

வாளித் தண்ணீரில் கூண்டோடு முக்கிவிடலாம் என்று இவர் தூக்கினார். அப்போது பார்த்து மதில் மேல் கன்னியம்மாளின் தலை எழும்பியது. கன்னியம்மாள் எங்கள் பக்கத்து வீடு. பரம்பரையாக இந்த ஊர்க்காரி. நிலம் போய் இப்போது நான்கு எருமை வைத்துப் பால் வியாபாரம் செய்கிறாள்.

"இன்னா நைனா பண்ற? இன்னிக்கி சதுர்த்தி! புள்ளையாரு வாகனத்தப் போயி முக்கறேன்றியே!"

"பின்ன, பாத்ரூமை அதுக்கே விட்டுடறதா?"

"ஏரியாண்ட கொண்டும்போயி உட்டுடு. அது பாட்டுக்குப் போவட்டும்."

நானும் கன்னியம்மாள் கட்சியில் சேர்ந்துகொண்டேன். நாள் கிழமையில் எதற்கு வம்பு? கூண்டின் மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வேறு வைத்தேன். சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டிலும் வைத்திருப்பீர்கள்.

சைக்கிள் கேரியரில் கூண்டு நிற்கவில்லை. ஒரு கையால் தூக்கிக்கொண்டு, சேற்றில் செருப்பு மாட்டும் என்று வெறுங்காலோடு நடந்தே போனார். அந்தக் கையில் இரும்புச் சீவல் கிழித்த கீறல்கள் எப்போதும் இருக்கும்; லேத்துக்காரர் கை அப்படித்தான். வழியில் பயந்துபோன அந்தப் பிராணி அவர் கையெல்லாம் நனைத்துவிட்டது. கரையில் திறந்துவிட்டார். அங்கே தேங்கியிருந்த தண்ணீரிலேயே கைகால் அலம்பிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்கெல்லாம் ஏக திருப்தி. புண்ணியம் செய்த களையோடு டிபன் சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி. கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினார். கண் இரண்டும் சிவந்தன. நான்காம் நாள் அந்தச் சிவப்போடு மஞ்சளும் சேர்ந்தது.

மஞ்சள் என்றால் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி. இதற்கு ஒரு டாக்டர் வேண்டுமா என்ன? பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தேன். பத்தியச் சாப்பாடு போட்டேன். போன மாதம்தான் இதே பக்கத்தில் கைவைத்தியத்தின் பெருமையைப் பற்றி வீராவேசமாக எழுதியிருந்தேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தீர்கள். எழுதிய கை சும்மா இருக்குமா?

ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்.

மூன்றாம் நாள் பால் ஊற்ற வந்த கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுக்குப் போறாரா?" என்று கேட்டாள். நேற்றிலிருந்து சரியாகப் போகவில்லை என்றேன்.

பால் செம்பைக் கீழே வைத்தாள். "இன்னாம்மா நீ, படிச்சவதான? எருமைக்கே ஒண்ணுக்கு நின்னா நான் டாக்டராண்ட ஓடுவேன். மனுசன வச்சிக்கினு எல அரைச்சிக்கினு கீற! டாக்ஸி இட்டாரச் சொல்றேன், கெளம்பு!"

கிளம்பினோம். அவளும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கண்ணைப் பார்த்தார். கெண்டைக்காலை அழுத்தினார். இவர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. டாக்டர் யோசித்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டில் எலி, பெருச்சாளித் தொந்தரவு ஏதாவது உண்டா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சுற்றிலும் பத்துக் கட்டில், பத்துக் குடும்பம். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். "சேச்சே! எங்க வீடு ரொம்ப சுத்தம் சார். தினம் ரெண்டு வேளை ஃபினாயில் போட்டுக் கழுவறேன்" என்றேன்.

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். அவ்வளவுதான்... திரும்பியேவிட்டார். என் கௌரவம் காப்பாற்றப்பட்டது. என் வீட்டுக்காரர்?

"டாக்டரய்யா!" என்று ஒரு குரல் வார்டை உலுக்கியது. கன்னியம்மாள். "இந்தம்மா பொய் சொல்லுது! ரெண்டு வாரம் முன்னாடி இம்மாம் பெரிய பெர்ச்சாளியப் புட்ச்சிக்கினு ஏரியாண்ட போனாரு. நான்தான் போவச் சொன்னேன். கையெல்லாம் அது மூத்தரம். கேட்டுப் பாரு!"

டாக்டர் விடுவிடுவென்று திரும்பி வந்தார். இவருடைய கையைப் புரட்டிக் கீறல்களைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவில்லை, அப்போதே பென்சிலின் ஊசி போடச் சொல்லிவிட்டார்.

பிறகு எனக்கு விளக்கினார். எலி, பெருச்சாளி மாதிரிப் பிராணிகளின் உடம்பில் ஒரு கிருமி இருக்குமாம். அவற்றுக்குப் பெரிய கஷ்டம் எதுவும் தராதாம். சிறுநீரோடு வெளியே வந்து, தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடு இருக்குமாம். நம் தோலில் சின்னக் கீறல் போதுமாம், உள்ளே நுழைய. சிலருக்கு ஈரலைப் பிடித்து, சிறுநீரகத்தையும் பிடித்துவிடுமாம். அந்த வியாதிக்கு அவர் சொன்ன இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை.

"பிழைச்சுடுவாரா சார்?"

"மூணு நாள் பார்க்கணும்மா" என்றார். அந்த மூன்று நாளில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. பிள்ளையாரிடம் மட்டும் கொஞ்சம் கோபமாகவே பேசினேன்.

நான்காம் நாள் காலையில் நர்ஸ் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். முக்கால் ஜாடி! மூத்திரத்தைப் பார்த்து நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? மூக்கைச் சிந்திக்கொண்டே அழுதேன். கன்னியம்மாள் என் முதுகில் ஒரு அடி போட்டு, "அதான் வந்துட்ச்சில்ல, இன்னும் இன்னாத்துக்கு அயுவுற?" என்றாள். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் தேறினார். மஞ்சள் வடிந்தது. வார்டுச் சாப்பாட்டைத் திட்ட ஆரம்பித்தார்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். டாக்டரிடம் நாம் உடம்பை முழுக்கக் காட்டிவிடுகிறோம். வீட்டைக் காட்டச் சொன்னால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இது என்ன கௌரவம்? பெருச்சாளி வருவதில் நமக்கு என்ன அவமானம்? அது ஏரி நிரம்பினால் வரும்!

டிஸ்சார்ஜ் அன்று சின்ன டாக்டர் ஒருவர் கேஸ் ஷீட் எழுத வந்தார். "நாட்டு மருந்து மேலே எனக்கு ஒண்ணும் கோபம் இல்லை. ஆனா கண்ணு மஞ்சளான பிறகும் மூணு நாள் வீட்டிலேயே வச்சிருக்கீங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம். ஏன் லேட்?" என்று கேட்டார்.

நான் துணிப்பையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் காரணம். இவ முதல் நாளே கிளம்பலாம்னா. ஆஸ்பத்திரின்னா எனக்குப் பயம், வர மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சுட்டேன்."

சின்ன டாக்டர் இவரை ஒரு முறை முறைத்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். டாக்ஸியில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். முந்தாநாளிலிருந்து இரண்டு முறை அந்தப் பேச்சை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனவே இங்கே சொல்கிறேன். சின்ன டாக்டர் சார், இதைப் படித்தால் அந்தக் கேஸ் ஷீட்டில் ஒரு வரியைத் திருத்திவிடுங்கள்: பிடிவாதம் பிடித்தது அவர் இல்லை, நான்.