அமாவாசையா, பிரதமையா

என் வீட்டுக்காரர் இறந்தது ஒரு மாசி மாதத்து விடியற்காலையில். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போனவர், காய்ச்சலோடு தேவாரத்துக்கு இறங்கி வந்தார். யுத்த காலம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து கிடைக்காமல் ஆலாய்ப் பறந்தோம்.

அன்று அவரை வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். கண்ணைத் திறக்காமலே, "விடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். மேற்கு மலையின் உச்சியில் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. கிழக்கு மலையைத் தாண்டிச் சூரியன் இன்னும் ஏறவில்லை. எங்கள் வாசலில் மங்கல்தான்.

"மலையில விடிஞ்சிருச்சு. இங்கன இன்னும் விடியல," என்றேன்.

என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் தளர்ந்தன.

திதி குறிக்க வந்த ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார். "அன்னைக்கு உதயத்தோட அமாவாசை முடிஞ்சு பிரதமை வந்துடறது. உயிர் போனது உதயத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"வாசல்ல வெயிலே வரலையே சாமி. அமாவாசைதான்," என்றார் மாமியார்.

கொழுந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. "மலையில வெயில் அடிச்சுச்சுன்னு மதினி சொல்றாகல்ல? அப்ப உதிச்சாச்சு ஆத்தா."

அவர் தேனியில் பஞ்சு மண்டியில் வேலை பார்த்தார். அண்ணன் போனபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தும் இருந்தார். ஆனால் யுத்தத்துக்காகச் சர்க்கார் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்திருந்தது. "அது புது நேரமா, பழைய நேரமா?" என்று ஐயர் கேட்டார். மண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று முள்ளைத் திருகிக்கொண்டே இருந்ததில், அன்று எதில் வைத்திருந்தார் என்பது கொழுந்தனுக்கே நிச்சயமில்லை.

கடைசியில் மாமியார் அமாவாசையில் படைத்தார். கொழுந்தன் மறுநாள் தன் வீட்டில் படைத்தார். வருஷா வருஷம் அப்படியே நடந்தது. நான் இரண்டு நாளும் விரதம் இருந்தேன். அந்த இரண்டு நாளுக்கும் நடுவில், ராத்திரியில், வாசல் கட்டில் லேசாகக் கிரீச்சிடும். யாரோ எழுந்திருக்கவா படுக்கவா என்று தயங்குவது போலிருக்கும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

ஒருமுறை கொழுந்தன் போடியில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டுவிட்டு வந்தார்.

"உச்சியில வெயில் முன்னாலயே விழுமாம் மதினி, பள்ளத்துல பிந்தி விழுமாம். பஞ்சாங்கம் சொல்றது ரெண்டும் இல்லையாம். மலையே இல்லாத சமதரைக்குப் போட்ட கணக்காம். அதுபோக, காத்து வெளிச்சத்தை வளைச்சுருதாம். சூரியன் கீழ கிடக்கையிலயே மேல வந்துட்ட மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியுமாம்."

"அப்ப உங்க அண்ணன் எப்பத்தான் போனாக?" என்றேன்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அமாவாசைக்கும் சேராமல், பிரதமைக்கும் சேராமல், உதிக்காத சூரியனின் வெளிச்சத்தில் அவர் நின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

மாமியார் இறந்த பிறகு கொழுந்தன் வந்தார். "இனிமே ஒரே நாளா வச்சுக்குவோம் மதினி. எந்த நாளுன்னு நீங்களே சொல்லுங்க."

இரண்டில் எதையும் விட எனக்கு மனமில்லை.

"ஒண்ணை விட்டா, அந்த நாளுல வந்து பாத்துட்டுப் பசியோட திரும்பிப் போவாக, தம்பி. ரெண்டு நாளும் இலை போடுவோம்."

அந்த வருஷத்திலிருந்து கொழுந்தன் இரண்டு நாளும் என் வீட்டுக்கே வந்து, என் பக்கத்தில் நின்று காக்கையைக் கூப்பிட்டார்.