ஒப்புக்கொள்ள வந்தவள்

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் கருவாடு விற்ற சாமுண்டீஸ்வரியிடம் பேரம் பேச ஆண்களே பயப்படுவார்கள். கை நீட்டுகிற பொம்பளை. எடை குறைகிறது என்று சொன்ன பஸ் கண்டக்டர் ஒருவனைத் தராசுத் தட்டாலேயே காதோடு சேர்த்து அறைந்தாள். எதிரே மளிகைக் கடை வைத்திருந்த நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் புருஷன் முருகையன் நேர்மாறு. மூட்டை வண்டி இழுப்பான். யார் எதைச் சொன்னாலும் சரி என்பான். அந்தச் சரிதான் அவனுக்கு எமனாக வந்தது.

1962 தேர்தலில் எங்கள் தெரு முழுக்க ராஜாராம் பக்கம். அரிசி மில் முதலாளி; டெல்லிக்கு நிற்கிறவர்களுக்கு இங்கே ஓட்டு சேர்த்துக் கொடுப்பது அவன் தொழில். தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றி வீடு வீடாக நீட்டுவான். மேல்மலையனூர் அங்காளம்மன் மேல் ஆணையாக அவன் பக்கம்தான் நிற்போம் என்று உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். எல்லாரும் அணைத்தோம். ஓட்டுப்போடும் அன்று சாவடி வாசலில் கைகலப்பு. ராஜாராமின் மச்சான் எதிர்க்கட்சிப் பையன் ஒருவனின் வயிற்றில் கத்தியை இறக்கி இழுத்தான். பையன் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி விழுந்து செத்தான்.

அன்று சாயங்காலமே ராஜாராம் முருகையனைத் தேடி வந்தான்.

"நீ போயி சரண்டர் ஆயிடு முருகையா. மூணு மாசத்துல எடுத்துடறேன். சத்தியம் பண்ணியிருக்கே, நெனப்புல வெச்சுக்கோ."

முருகையன் சரி என்றான். சாமுண்டீஸ்வரி அவனை அடித்தாள், சட்டையைக் கிழித்தாள், வாசற்படியில் குறுக்கே படுத்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு போனான். ஏழு வருஷம் போட்டார்கள். அந்த வைகாசியில் மச்சானுக்கு மேளதாளத்தோடு கல்யாணம் நடந்தது.

அடுத்த தேர்தல் 1967இல். அதற்குள் ராஜாராம் துண்டை மாற்றிக்கொண்டு, குத்துப்பட்டுச் செத்தானே அந்தப் பையன், அவன் கட்சிக்கே போய்விட்டான். வெட்கங்கெட்டவன், அதே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாமுண்டீஸ்வரி வாசலை மறித்து நின்றாள்.

"மொதல்ல நீ அடிய்யா. என் ஊட்டுக்காரன வெளிய கொண்டாருவேன்னு அம்மன் மேல அடி. அப்புறம் நான் அடிக்கிறேன்."

பொய்ச் சத்தியம் செய்தவன் கண்ணை அங்காளம்மன் பறித்துவிடுவாள் என்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவன் பின்வாங்குவான் என்றே நினைத்தோம். ராஜாராம் வலது கையால் கற்பூரத்தைப் படாரென்று அடித்தான்.

"நம்ம ஆளு டெல்லிக்குப் போனதும் பாக்குற மொத வேலை உன் புருஷன் வேலைதாம்மா."

அவள் நம்பினாள். வர மறுத்த பெண்களைக்கூட முடியைப் பிடித்து இழுத்துப் போய் ஓட்டுப் போட வைத்தாள். ஜெயித்தார்கள். நம்ம ஆள் டெல்லிக்குப் போனார். செஞ்சிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவள் மில்லுக்கு நடையாய் நடந்தாள். "எலெக்‌ஷன்ல பேசினதையெல்லாம் இப்ப வந்து கேப்பியா?" என்று ராஜாராம் ஆள் விட்டுத் தெருவில் தள்ளினான். அம்மன் அவன் கண்ணைப் பறிக்கவில்லை. மில்லுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியது.

ஆடி மாதம் போலீஸ்காரர் ஒருவர் வந்து சேதி சொன்னார். வயிற்றுப்போக்கில் முருகையன் ஜெயிலிலேயே செத்துவிட்டான். அங்கேயே எரித்தும் விட்டார்கள்.

மூன்றாம் நாள் ராஜாராம் ஆள் உயர மாலையோடும் கட்சிக்காரர்களோடும் துக்கம் கேட்க வந்தான். "கட்சிக்காக உயிரையே குடுத்த தியாகி" என்றான். எந்தக் கட்சிக்கு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அவள் கருவாடு நறுக்கும் அரிவாள்மனை முன்னால் குந்தியிருந்தாள். ஆறுதல் சொல்ல அவன் குனிந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, வெட்டுவாயில் வைத்து, முட்டியால் அழுத்தினாள். நான்கு விரல்கள் மண்ணில் விழுந்தன. ரத்தம் அவள் முகமெல்லாம் பீச்சியடித்தது. கட்சிக்காரர்கள் அவள் தலையைச் சுவரில் மோதின பிறகுதான் பிடியை விட்டாள்.

"கூப்புடுங்கடா போலீச!" என்று கத்தினாள். "என்ன கோர்ட்டுல நிக்க வையுங்க. ஏன் வெட்டனேன்னு கேக்கட்டும். என் ஊட்டுக்காரன் யாரையும் குத்தலன்னு ஜட்ஜு காதுல வுழட்டும்!"

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் போலீஸ் வரவில்லை. பொம்பளை கையால் விரல் போயிற்றென்றால் ராஜாராமுக்கு மானக்கேடு. அவள் கோர்ட்டில் வாயைத் திறந்தால் மச்சானின் கழுத்துக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ராஜாராம், வெட்டியவன் என்று சைக்கிள் கடை தணிகாசலத்தின் பெயரைச் சொன்னான். தணிகாசலம் பழைய கட்சியை விட்டு நகர மறுத்தவன். கட்சிக்காரர்கள் அவன் கடையை நொறுக்கி, சைக்கிள் செயினாலேயே அவனை அடித்து இழுத்துப் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். நன்றி அறிவிப்புக் கூட்டத்தில் ராஜாராம் கட்டுப்போட்ட கையை உயர்த்தி, "மக்களுக்காகக் கொடுத்த விரல்கள்" என்றான். கைதட்டல் ராஜகிரி மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

தணிகாசலத்தைப் பிடித்த அன்றே சாமுண்டீஸ்வரி கழுவாத அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நாந்தாங்க வெட்டனேன். ரத்தத்தப் பாருங்க."

"மீன் ரத்தம்மா அது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கருவாட்டுல ஏதுய்யா ரத்தம்?"

"புருசன் செத்த துக்கத்துல பெனாத்துறே. கேஸ் எழுதியாச்சு, போம்மா."

வாசலில் தணிகாசலத்தின் பெண்டாட்டி அமிர்தவல்லி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. பாய்ந்து சாமுண்டீஸ்வரியின் கொண்டையைப் பிடித்துக் கீழே தள்ளி, வயிற்றிலும் மூஞ்சியிலும் உதைத்தாள். "உன் புருசனுக்காக வெட்டனே. என் புருசனுக்கு இன்னாடி பண்ணப் போறே?" சாமுண்டீஸ்வரி திருப்பி அடிக்கவில்லை. கையை ஓங்காமல் அவள் அடி வாங்கி அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோர்ட்டில் அவள் எழுந்து, நான்தான் வெட்டினேன் என்று கத்தினாள். பிடித்து வெளியே தள்ளினார்கள். தணிகாசலத்துக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. அதன் பிறகு அவள் எந்தக் கட்சிக்காரனையும் தெருவுக்குள் விட்டதில்லை. கருவாட்டில் கிடைத்ததில் அமிர்தவல்லியின் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆக்கிப் போட்டாள். மாதம் ஒருமுறை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஜெயிலுக்குப் போனார்கள். முதல் தடவை நானும் துணைக்குப் போனேன்.

"நீ இன்னா வேணும் அவனுக்கு?" என்று வார்டர் சாமுண்டீஸ்வரியைக் கேட்டான்.

"அவரு உள்ள இருக்கறது நான் செஞ்சதுக்கு."

வார்டர் சலித்துக்கொண்டான். "அதெல்லாம் யார் கேட்டா? ஒறவு சொன்னாத்தான் உள்ள வுடுவேன்."



"அக்கா" என்றாள்.