சும்மா இருந்தவளுக்கு ஒரு மைக்

மைக் அக்காவின் ஆம்ப்ளிஃபையர் இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் தானாகக் கீச்சிட்டதில்லை. கீச்சிட்டதெல்லாம் அக்கா கீச்சிட வைத்ததுதான். எந்தக் குமிழை எவ்வளவு திருகினால் எவ்வளவு நீளத்துக்குக் கத்தும் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்கே தெரியும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கணவர் கண்ணை மூடியபோது விட்டுப்போனது ஓர் ஓட்டை ஒலிபெருக்கிக் குழாயும் அறுந்த ஒயரும்தான். அதைச் சரிசெய்ய அவர் யார் காலிலும் போய் விழவில்லை. இரண்டு தடவை ஷாக் அடித்தது, மூன்றாம் தடவை பாட்டு வந்தது. இன்றைக்கு வாடகைக்கு விட நான்கு மைக், அறுபது நாற்காலி, சொந்தமாக ஒரு மூன்று சக்கர வண்டி. பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூட அவர் “ஹலோ, ஹலோ” சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். படிக்காமல் முன்னுக்கு வந்தவர்களுக்குத்தான் அதிலுள்ள சுகம் தெரியும்.

புதன்கிழமை மாலைகளில் மைக் செட், வறுமை எதிர்ப்புக் குழுவின் கூட்டத்துக்குப் போகும். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீள அறை. வருகிறவர்கள் முப்பது பேர். தும்மினால்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆனாலும் மைக் இல்லாமல் பேசினால் புரட்சிக்கு மரியாதை இல்லை. அந்தக் குழுவில் எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

மற்றதிலெல்லாம் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குத் தலை, கல்லூரியில் பாடம் எடுக்கும் தாடிக்காரர்.

“எல்லாருக்கும் மாசாமாசம் கையில காசு, தோழர்களே. ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. அப்பத்தான் தொழிலாளி முதலாளியைப் பாத்து, போய்யா நீயும் உன் வேலையும்னு சொல்ல முடியும்.”

இன்னொரு கட்சிக்குத் தலை பஸ் டிரைவர்.

“சொல்லுவான், சொல்லுவான். முதலாளி என்ன சொல்லுவான் தெரியுமா? அதான் கவர்மென்ட்டு குடுக்குதே, கூலியில பாதி போதும்னு சொல்லுவான். கவர்மென்ட்டு என்ன பண்ணும்? கையில காசைத் திணிச்சுட்டு ஆஸ்பத்திரியை மூடும், பஸ்ஸை நிறுத்தும். அப்புறம் அந்தக் காசை மென்னு தின்னுங்க.”

தீர்மானத்தில் ‘அடிப்படை வருமானத்தை வரவேற்கிறோம்’ என்று போடுவதா, ‘எச்சரிக்கையோடு கவனிக்கிறோம்’ என்று போடுவதா என்பதில் மூன்று வாரம் ஓடிவிட்டது. பேச்சு இழுத்துக்கொண்டே போனால் அக்கா குமிழைத் தொடுவார். கீச்சென்று ஒரு சத்தம் வரும், பேசுகிறவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “உங்க கட்டடத்துல கரன்ட் சரியில்ல” என்பார் அக்கா. செட் பழசு என்று எவனாவது வாய் திறந்தால் அன்றோடு அவனுக்கு நாற்காலி கிடையாது.

நான்காவது புதன்கிழமை அக்காவே மைக்கைப் பிடித்தார். அவருடைய நாத்தனாருக்கு ஒரு சிக்கல். நாத்தனாரின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். மாதம் வரும் நிவாரணப் பணத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. போன மாதம் விசாரிக்க வந்த அதிகாரி, “நாள் பூரா நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டிருக்கிறார். நாத்தனார் எல்லாப் பெண்களும் சொல்வதைச் சொல்லியிருக்கிறாள். “சும்மாதான் சார் இருக்கேன்.” அதிகாரி எழுதிக்கொண்டார்: உடல் நலமுள்ளவர், சும்மா இருக்கிறார். பணம் நின்றுபோனது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். மறுபடி மனுப் போட்டால் ஒரு வருடம் ஆகும்.

“வெள்ளிக்கிழமை நாலு பேர் கூட வந்து நின்னாப் போதும்” என்றார் அக்கா.

“கண்டிப்பா வர்றோம்க்கா” என்றார் தாடிக்காரர். “தீர்மானம் முடிஞ்சதும் அடுத்து அதுதான்.”

“நம்ம நிலைப்பாடு தெரியாம எப்படிப் போய் நிக்கிறது?” என்றார் டிரைவர். மூன்று வாரத்தில் இருவரும் ஒத்துப்போனது அப்போதுதான்.

அக்கா வாதாடவில்லை. ஒயரைச் சுருட்டும்போது தாடிக்காரரின் காதோரம் சொன்னார்: “டிரைவர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிவாரண ஆபீஸ்ல பேசுறாராம். க்யூவுல நிக்கிற சனத்தையெல்லாம் தன் பக்கம் இழுக்கப் போறாராம். உங்களுக்குச் சொல்லலையா?”

படிக்கட்டில் டிரைவரிடம் சொன்னார்: “தாடிக்காரர் என்கிட்ட மைக் கேட்டிருக்கார். நிவாரண ஆபீஸுக்கு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

இரண்டும் பச்சைப் பொய். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டும் உண்மையாகிவிட்டன.

மைக்கும் ஸ்டாண்டுமாக ஒருவர் வந்து இறங்கினால் ஏதோ விழா என்றுதான் எந்த அலுவலகமும் நினைக்கும். காவலாளியே பேட்டரியைத் தூக்கிவந்து உள்ளே வைத்தார். பெஞ்சுகளில் சீட்டு வாங்கிக்கொண்டு நாற்பது பேர் காத்திருந்தார்கள். தாடிக்காரர் தன் ஆட்களோடு ஒரு கதவு வழியாக வந்தார், டிரைவர் தன் ஆட்களோடு மறு கதவு வழியாக. ஐந்து நிமிடத்தில் அந்த இடம் சைக்கிள் கடை மாடியாகிவிட்டது.

அதிகாரி பேனாவும் கையுமாக வெளியே ஓடிவந்தார். “என்னங்க இது? நிறுத்துங்க.”

யார் காதிலும் விழவில்லை. அக்காதான் மரியாதையாக எழுந்து நின்றார்.

“தீர்மானம் நிறைவேறினா நிறுத்திடுவாங்க சார்.”

“எப்போ நிறைவேறும்?”

“இப்பத்தானே சார் ஒரு மாசம் ஆகுது.”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவர் பையிலிருந்து இரண்டாவது கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு என்னம்மா வேணும்?”

அக்கா நாத்தனாரை முன்னால் தள்ளினார்.

கோப்பு வந்தது. அதிகாரி புரட்டிப் பார்த்தார். “இவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க, நான் என்ன செய்ய? சரி, ஒரு நாள்ல என்னென்ன செய்றீங்கன்னு இப்ப சொல்லுங்க. திருத்தி எழுதறேன்.”

அக்கா மைக்கை நாத்தனாரின் வாயருகில் வைத்துவிட்டுக் குமிழ் பக்கம் வந்து உட்கார்ந்தார். நாத்தனார் ஓரடி பின்வாங்கினாள். நாற்பது பேர் பார்க்கிறார்கள்.

“என்னத்தைச் சொல்ல சார், சும்மாதான்…”

கீச்.

அதிகாரி பேனாவைக் கீழே போட்டார். நாத்தனார் மைக்கை முறைத்தாள்.

“வீட்டுல சும்மா…”

கீச். இந்தத் தடவை நீளமாக.

“என்ன அண்ணி உங்க செட்டு, பேசவே விடமாட்டேங்குது.”

“கட்டடத்துல கரன்ட் சரியில்ல. நீ பேசு.” செட் ஓடியது பேட்டரியில் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

“விடியக்காலையில அவரைத் திருப்பிப் படுக்க வைப்பேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பணும் சார், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். எழுபது கிலோ ஆளு. துணி மாத்தணும், தொடைச்சு விடணும். பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குப் போறா, அவ பிள்ளைங்க மூணையும் சும்மா பாத்துக்கறேன்…”

கீச்.

“காசு வாங்காமப் பாத்துக்கறேன்” என்றாள் நாத்தனார், எரிச்சலோடு. “கீழ்வீட்டுப் பெரியவருக்குக் கண்ணு தெரியாது, மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். மாடிப்படி மூணு அடுக்கும் நான்தான் கழுவறேன், வேற ஆளே கிடையாது. இதுக்கு நடுவுல எப்பவாவது பத்து நிமிஷம் உக்காந்தா, அப்பப் பாத்துத்தான் சார் நீங்க விசாரிக்க வந்தீங்க.”

பெஞ்சுகளில் ஒரு சிரிப்பு எழுந்தது. தாடிக்காரரும் டிரைவரும் தங்கள் பேச்சை விட்டுவிட்டு அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அக்காவே அதுவரை கண்டிராத காட்சி. அதிகாரி பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினார். முத்திரை குத்தினார். அதற்குள் பெஞ்சிலிருந்த ஒரு கிழவர் தன் தாளை நீட்டினார், அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். அதிகாரி மறுக்க வாயெடுத்தபோது டிரைவர் தொண்டையைச் செருமினார். பதினொரு தாளும் உள்ளே போயின.

வெளியே வந்ததும் தாடிக்காரர் ஆரம்பித்தார். “பாத்தீங்களா தோழர்? கேள்வி கேக்காமலே குடுத்திருந்தா அந்தம்மா இப்படி ஊர் முன்னால வந்து நிக்கணுமா?”

“கூட்டமா வந்து நின்னோம், கிடைச்சுது. அதைப் பேசுங்க” என்றார் டிரைவர். இருவரும் பேசிக்கொண்டே பஸ்ஸை விட்டுவிட்டார்கள். தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை.

அக்கா வண்டியை மிதித்தார். நாத்தனார் பேட்டரிக்குப் பக்கத்தில், முத்திரை குத்திய தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் பேசுன பேச்சுலதான் அண்ணி கிடைச்சுது. நல்லா கணீர்னு பேசினேன் இல்ல? உங்க செட்டுதான் நடுநடுவுல கத்தி மானத்தை வாங்கிடுச்சு. பழசாயிடுச்சு, மாத்திடுங்க.”

மைக் அக்காவின் கால் பெடலில் நின்றது. இருபத்தாறு வருடத்தில் எவனையும் சொல்லவிடாத சொல். திரும்பினார். நாத்தனார் தாளின் பின்பக்கத்தை, எழுத்து தெரியாவிட்டாலும், விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்” என்றார் அக்கா. “பழசாயிடுச்சு.”

அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை அவர் வண்டியைக் கொஞ்சம் கோபமாகவே மிதித்தார்.