நிதானத்துக்கு வராத மணிக்கூடு

சுவிச்சைப் போட்டதும் மீராமுகைதீன் பேச்சை நிறுத்திவிடுவார். பழுதுபார்த்த றேடியோவானாலும் வீடியோ டெக்கானாலும் மின்சாரம் ஏறிய பிறகு அதைத் தொடுவதில்லை. தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு காத்திருப்பார்.

"என்ன காக்கா, அதுக்கு ஓதிப் பாக்கிறீங்களா?" என்று கேட்டார், றேடியோ கொண்டுவந்திருந்த காரைதீவு இராசதுரை.

"பொறுங்க. இப்பதானே முழிச்சிரிக்கி. முழிச்ச உடனே சொல்றத நம்பினா நாமதான் மோசம் போவம்."

"எனக்கு பஸ் போயிரும்."

"பஸ்ஸும் ஸ்டாட் பண்ணின உடனே ஓடாது, உறுமிக்கிட்டு நிண்டுதான் போகும். போய் ஒரு பிளேன்டியக் குடிச்சிட்டு வாங்க."

கல்முனைப் பிரதான வீதியில் என் கடைக்கு அடுத்தது அவருடைய கடை. வயது நாற்பத்து நான்கு. மெலிந்த உடம்பு. நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. வலது பெருவிரலில் ஈயம் சுட்ட தழும்பு. யார் எதைச் சொன்னாலும் இரண்டாம் தடவை கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துவந்தால்தான் தலையாட்டுவார். பகல் தூக்கத்தால் எழும்பினால் சற்று நேரம் மனைவியிடங்கூடப் பேசமாட்டார். "என்ட வாயில வாறது இன்னும் நானில்ல" என்பார். இந்தப் பழக்கங்கள் எல்லாம் சென்ற நோன்புக்குப் பிறகு வந்தவை.

எண்பத்தைந்தில் குவைத்திலிருந்து திரும்பியபோது அவர் ஒரு சிறு கொம்பியூட்டரைக் கொண்டுவந்தார். அதனுடன் ஒரு மின் மணிக்கூட்டை இணைத்து, நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல் சைரன் தானாக ஒலிக்கும்படி அமைத்துக் கொடுத்தார். மணிக்கூட்டிடம் நேரம் கேட்கும் புரோகிராமும் அவர் எழுதியதே. மின்சாரம் போனால் மணிக்கூடு பற்றரியில் ஓடும். மின்சாரம் திரும்பும்போது உள்ளேயிருக்கும் பளிங்குத் துண்டின் அதிர்வு சீருக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் கேட்டால் பிழையான எண்ணைச் சொல்லும். ஆகவே கேட்பதற்கு முன் ஐயாயிரம் வரை சும்மா எண்ணும்படி கொம்பியூட்டருக்கு எழுதியிருந்தார். அந்தத் தாமதம் போதுமாக இருந்தது. பிறகு கொம்பியூட்டரின் மூளையான பழைய சில்லைக் கழற்றிவிட்டு வேகமான சில்லு ஒன்றைப் பூட்டினார். எண்ணிக்கை அதேதான், எண்ணுகிறது விரைவாகிவிட்டது. அதை அவர் யோசிக்கவில்லை.

எண்பத்தாறு ஜூன் இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. பின்னேரம் போன மின்சாரம், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுக்கு முன்னர் வந்தது. மேற்கே வயற்பக்கம் மழை கருக்கட்டியிருந்ததால் சூரியனைக் காணவில்லை. சைரன் ஊதியது. மோதினார் தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னார். ஊர் நோன்பு திறந்தது. கஞ்சிக் கோப்பை பாதி குறைந்த வேளையில் முகில் விலகி, வயலுக்கு மேலே முழுச் சூரியன் தெரிந்தது. வாயிலிருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊர்ர நோம்பையே முறிச்சுப் போட்டியே மீரா" என்ற பள்ளி நிர்வாகி அபுல் ஹஸன் மரைக்கார், மறுநாளே இயந்திரத்தைக் கடையில் கொண்டுவந்து இறக்கினார். பெருநாளுக்குப் பிறகு எல்லாரும் அந்த ஒரு நோன்பை வேறொரு நாளில் பிடித்துக் களாச் செய்தார்கள். இன்றும் பஸ் நேரத்துக்கு முந்திப் புறப்பட்டால் "என்ன, மீராட சைரனா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

களாச் செய்யாதவர் ஒருவர்தான். பள்ளிவாசலுக்கு எதிர்வீட்டு மைமூனா. பிடிப்பேன், பிடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை மௌத்தாகி அடக்கமானார். பிறகு அவருடைய மகள் சித்தி லைலா கடைக்கு வந்தார்.

"காக்கா, உம்மா கனவில வாறா. உதடெல்லாம் வெடிச்சிரிக்கி. கையில தண்ணிக் கோப்பைய வெச்சிக்கிட்டு, 'பாங்கு சொல்லிட்டா புள்ள?' எண்டு கேக்கிறா. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள விடிஞ்சிருது."

மீராமுகைதீன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. "நீ சம்மதம் தந்தா அந்த நோம்ப நான் பிடிக்கன், தங்கச்சி."

"ஓம் காக்கா. அந்த மணிக்கூடு இன்னும் பொய்தான் சொல்லுதா?"

"இல்ல. இப்ப ரெண்டு தரம் கேக்க எழுதியிரிக்கன். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் காட்டும்."

அவர் லைலாவிடம் சொல்லாததை நான் அறிவேன். மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டு அவர் சோதித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நிதானமில்லாத மணிக்கூடு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண்ணைத்தான் உளற வேண்டும் என்றார். இது ஒவ்வொரு தடவையும் ஆறு பதினெட்டு என்றது. சைரன் முந்தி ஊதிய நாளில் அது பிழையாகச் சொன்ன நேரம் அதுவே. மணிக்கூட்டுச் சில்லை மாற்றினார். அப்போதும் ஆறு பதினெட்டு.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மைமூனாவுக்காக நோன்பு பிடித்தார். அன்று மழை, காலையிலிருந்து மின்சாரமில்லை. மாலையில் லைலா கஞ்சி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு வாசலோரம் நின்றார். நவம்பரில் இங்கே ஆறு மணிக்கு முன்பே மஃரிபு வந்துவிடும். ஆறு மணிக்குக் கால் மணித்தியாலம் இருக்கையில் மோதினாரின் பாங்கு மழையினூடே கேட்டது.

"சொல்லிட்டாங்க காக்கா. திறங்க."

அவர் பேரீச்சம்பழத்தை எடுத்தார். அந்த வேளையில் மின்சாரம் வந்தது. அலுமாரியிலிருந்த இயந்திரம் முனகியது. நேரம் காட்டும் முகப்பு இருட்டாக இருந்தது. ஒரு தரம் கேட்டிருக்கும். இன்னொரு தரம் கேட்டிருக்கும். இரண்டும் ஒத்துவந்துவிட்டன போலும். சிவப்பு இலக்கங்கள் எரிந்தன. 6:18.

"காக்கா, என்ன நேரம் காட்டுது?" என்று லைலா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மீராமுகைதீன் இடது உள்ளங்கையை முகப்பின்மேல் விரித்து அழுத்திக்கொண்டார். விரலிடுக்குகளில் சிவப்பு கசிந்தது. "சரியான நேரம்தான் தங்கச்சி" என்று சொல்லி, வலது கையிலிருந்த பழத்தை வாயில் வைத்தார்.