தாய்மாமன் மடி

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று நாள் குறித்த அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். தாய்மாமன் சீர் வந்து இறங்கும்போது வேட்டுப் போடுவார்கள். மடியில் பிள்ளை, காதுக்குப் பக்கத்தில் வெடிச்சத்தம். நான் பயந்து ஒதுங்கிக்கொண்டிருந்த இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வாடிப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண், "அண்ணே, செத்த வச்சுக்கங்க" என்று பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். நிற்பவள் பிள்ளையை உட்கார்ந்திருப்பவன் வாங்கிக்கொள்வது நம் ஊர் பஸ்ஸில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. நானும் வாங்கினேன். அது என் சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. முன் டயர் வெடித்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். பிள்ளையைப் பிடிக்கவில்லை.

பிள்ளைக்கு நெற்றியில் வீக்கம், அவ்வளவுதான். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் பஸ் ஏறவில்லை, யார் பிள்ளையையும் தூக்கவில்லை. என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் என் கை தானாகப் போய் மேசை விளிம்பைப் பிடிக்கும். சட்டை நனைந்துவிடும். பயந்த கோளாறு என்று வீட்டில் திருநீறு போட்டார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள். பயத்துக்குக் கயிறு மேல் மரியாதையே இல்லை. கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். என்னை விடப் பத்து வயது சின்னவர். "உடம்பு இன்னும் அந்த பஸ்ல இருக்குன்னு நெனச்சுக்கிருக்கு. இப்ப எங்க இருக்கோம்னு அதுக்குச் சொல்லுங்க. கால தரையில அழுத்துங்க, கண்ணுக்குத் தெரியுறத ஒண்ணொண்ணா எண்ணுங்க, மூச்ச மெதுவா விடுங்க. பயமா இருந்தா பக்கத்துல இருக்கவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார். முதல் மூன்றையும் பழகிவிட்டேன். நாலாவது வரவே இல்லை. விபத்து வீட்டுக்குத் தெரியும். நான் பிள்ளையை விட்டது யாருக்கும் தெரியாது.

காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். "வேட்டு வேணாம்னு நான் சொல்லிக்கிறேன். மடி வேணாம்னு மட்டும் சொல்லாதண்ணே" என்றாள்.

திருவாதவூர் பக்கத்தில் அவள் வீட்டுக்காரரின் குலசாமி கோயில். தங்கச்சி மாமனாருக்கு வேட்டில்லாத சீர் பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளையை மடியில் வைத்தார்கள். தங்கச்சி என்னை ஒட்டி உட்கார்ந்தாள். வலது காது சுலபமாக முடிந்தது. பிள்ளை வீறிட்டது, ஆனால் அது எனக்குப் பயம் தருகிற சத்தம் இல்லை.

ஆசாரி இடது காதைப் பிடித்தபோது கோயிலுக்கு வெளியே வேட்டு வெடித்தது. அன்றைக்கே காது குத்த வந்த வேறொரு குடும்பம். இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. சரம் படபடவென்று நீண்டுகொண்டே போனது. எனக்குத் தரை சாய்ந்தது. இரண்டு கையும் கம்பியைத் தேடின. பிள்ளை நழுவுகிறது என்று தெரிந்தது, விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஆசாரி, ஊசிய எடுங்க" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "எனக்குப் பயமா இருக்கு. பிள்ளய விட்டுருவேன்."

"என்ன மாப்ள, சின்னப் பிள்ள மாதிரி" என்றார் தங்கச்சி மாமனார். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். நான் கணுக்காலைத் தரையில் அழுத்தினேன். எலுமிச்சம்பழம். வெற்றிலை. ஆசாரியின் மூக்குக்கண்ணாடி. பிள்ளையின் காதில் ஒரு சொட்டு ரத்தம். மூச்சை விட்டேன். இது பஸ் இல்லை, கோயில். சரம் ஓய்ந்தது. பயம் ஓயவில்லை, ஆனால் விரல்கள் பிள்ளையைச் சுற்றி மடங்கின.

"குத்துங்க" என்றேன்.

முடிந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். பிள்ளைக்குக் கீழே, என் கைக்கும் கீழே, தங்கச்சியின் கை இருந்தது.

"எப்பக் கைய வச்ச?"

"உக்காந்ததுல இருந்தே வச்சிருக்கேன்."

அப்படியென்றால் அவளும் பயந்திருக்கிறாள். நான் விட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேதான் மகளை என் மடியில் வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. அவள் கையை உருவிக்கொண்டு எழுந்து, பந்திக்கு இலை போட்டார்களா என்று பார்க்கப் போனாள். பிள்ளையை வாங்கிக்கொள்ளாமலே போனாள்.